கப்பல் பெயின்ட் பூசிய மாதா

எங்கள் மாதாவின் அங்கி வேளாங்கண்ணியில் இருப்பதுபோலப் பட்டாடை இல்லை. லூர்து மாதாவின் இடைக்கச்சையில் இருக்கிற வான நீலமும் இல்லை. போர்க்கப்பலின் சாம்பல் நிறத்தில் இரண்டு கரண்டி நீலத்தைக் கலந்தால் என்ன நிறம் வருமோ அந்த நிறம். அப்பா செம்பவாங்கில் கப்பல் பட்டறை பெயின்டர். ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் மாதத் திருவிழாவுக்கு முந்தின வாரம், வேலையில் மிஞ்சிய பெயின்டை வேலையை மேற்பார்க்கிற மண்டோரிடம் கேட்டு ஒரு பால் டின்னில் வாங்கி வந்து மாதாவுக்குப் புது அங்கி பூசுவார். முகத்துக்கு மட்டும் கடையில் வாங்கிய பெயின்ட், மெல்லிய பிரஷ். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. அவரே மூச்சு விடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் தொழிலாளர்களுக்குக் கட்டிக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸில்தான் நான் பிறந்தேன். கடைசி வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் கருங்கல்லும் சிமென்டும் வைத்துச் சின்னக் குகை மாதிரி கட்டியிருந்தார்கள். கெபி என்போம். உள்ளே நாலடி உயரத்தில் மாதா, இடது கையில் குழந்தை. பட்டறையில் வேலை பார்த்த கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து, எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே செய்து வைத்தது. செய்தவர் சிற்பி இல்லை, கொத்தனார். அதனால் மாதாவின் வலது கை இடது கையைவிட நீளம். குழந்தைக்கு வளர்ந்த ஆளின் முகம். வெளியாட்கள் யாராவது பார்த்தால் சிரிப்பு வரலாம். எங்களுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அம்மாவுக்கு எனக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் பிறந்தன. ஒன்றுகூட ஒரு மாதம் தாண்டவில்லை. நான் வயிற்றில் இருந்தபோது, இந்தப் பிள்ளை தங்கினால் நாற்பதாம் நாள் உன் காலடியில் கொண்டுவந்து போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாளாம். தங்கினேன், கொண்டுபோய்ப் போட்டாள். சிமென்ட் பீடம் சில்லென்று இருந்ததால் வீறிட்டு அழுதேனாம்.

"அழுவுற சத்தத்தைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவ்வளவு சந்தோசம்" என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

பக்கத்து வீட்டு அத்தை இந்து. நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருப்பார். சாயங்காலம் அவர்கள் வீட்டுச் சாமிக்கு விளக்கேற்றிவிட்டு, இன்னொரு அகலில் எண்ணெய் ஊற்றிக் கெபிக்கு எடுத்து வருவார். அம்மா மெழுகுவத்தி ஏற்றுவாள், அத்தை அகல் வைப்பார். சனிக்கிழமைகளில் இருவரும் பஸ் ஏறிச் சிராங்கூன் ரோட்டுக்குப் போய் மளிகைச் சாமானோடு மல்லிகைப்பூவும் வாங்கி வருவார்கள். ஒரு முழம் அத்தை வீட்டுச் சாமிக்கு, ஒரு முழம் மாதாவுக்கு, மிச்சம் இருவர் தலைக்கும். அத்தைக்கு மாதா ஏதோ ஒரு அம்மன். அதை அம்மா ஒருநாளும் திருத்தியதில்லை.

ஆனால் என்னைத் திருத்தினாள். ஒருமுறை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "மாதா சிலைக்கிட்ட பல்லி இருக்கும்மா" என்று சொன்னேன். வாயில் லேசாக ஒரு தட்டு விழுந்தது. "சிலைன்னு சொல்லாதே. சுரூபம்னு சொல்லு. சிலை ரோட்டுல நிக்கிறது."

அந்தச் சமயத்தில்தான் வெள்ளைக்காரன் தளத்தை மூடிக்கொண்டு போகிறான் என்று பேச்சு வந்தது. எனக்குப் பத்து, பதினோரு வயது இருக்கும். பெரியவர்கள் எல்லாரும் வாசலில் நின்று ஒரே விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாருக்குக் குடியுரிமை இருக்கிறது, யாருக்கு இல்லை, யாருக்கு வேலை பெர்மிட் கிடைக்கும், யார் ஊருக்குக் கப்பல் ஏறவேண்டும். அப்பா முன்பே குடியுரிமை எடுத்திருந்தார். அம்மா இங்கேயே பிறந்தவள். அத்தை வீட்டு மாமா, இன்றைக்கு எடுக்கலாம் நாளைக்கு எடுக்கலாம் என்று விட்டுவிட்டார். அவருக்கு வேலை போனது, பெர்மிட் கிடைக்கவில்லை. இருபது வருஷம் இருந்த வீட்டை மூன்று தகரப் பெட்டியில் அடக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

கிளம்புகிற அன்று காலை அத்தை கெபிக்கு வந்து அகலை வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நீங்களும் இங்கேருந்து போயிட்டா மாதாவை யாரு பாத்துக்குவா?"

"நான் எங்க போனாலும் அவளையும் கூட்டிட்டுத்தான் போவேன்" என்றாள் அம்மா.

நான் பக்கத்தில் நின்றேன். இரண்டு பேரும் அழுதார்கள். நானும் அழுதேன்.

பட்டறைக்குப் புதிதாக வந்த நிர்வாகம் அப்பாவைக் கொஞ்ச காலம் வைத்திருந்தது. பிறகு பெயின்டர் பிரிவில் ஆள் குறைத்தபோது அவர் பெயரும் அதில் இருந்தது. அதற்கடுத்த வருஷம் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். எங்களுக்குப் பூன் லேயில் ஃபிளாட் கிடைத்தது. கடைசி வரிசை வீடுகளையும் மரத்தையும் கெபியையும் சேர்த்துத் தரைமட்டம் ஆக்கப் போகிறார்கள் என்று நோட்டீஸ் வந்தது.

அப்பா கோயிலுக்குப் போய் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் வயதானவர், நல்ல மனிதர். கோயிலுக்குப் பின்னால் இருந்த சாமான் அறையைத் திறந்து காட்டினாராம். உள்ளே ஏற்கெனவே நாலைந்து சுரூபங்கள். ரோடு போட, வீடு கட்ட என்று அங்கங்கே இருந்த கெபிகளை எடுத்தபோது கொண்டுவந்து விட்டவை. ஒரு சூசையப்பர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். "இதுக்குள்ள கொண்டாந்து வைக்கவா?" என்று ஃபாதர் கேட்க, அப்பா வேண்டாம் என்று வந்துவிட்டார்.

ஃபிளாட்டுக்கே கொண்டுபோகலாம் என்று அம்மா சொன்னாள். ஒன்பதாவது மாடி. கம்பி வைத்துக் கட்டிய சிமென்ட் சுரூபம். அத்தனை கனத்தை யார் ஏற்றுவது, எங்கே வைப்பது என்று அப்பா கேட்டார். கடைசியில் அப்பாவே ஒரு வழி கண்டுபிடித்தார். கடலுக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜோகூரில், கூலாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் சின்னக் கோயில் கட்டியிருந்தார்கள். அங்கே மாதா சுரூபம் இல்லை. லோரி எடுத்து வந்து நாங்களே ஏற்றிக்கொள்கிறோம் என்றார்கள். அம்மா ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டுச் சரி என்றாள். "பக்கந்தானே. திருநாளுக்குத் திருநாள் போய்ப் பாத்துட்டு வரலாம்."

லோரி வருகிற அன்று அம்மாவும் நானும் பூன் லேக்குப் போயிருந்தோம். புது ஃபிளாட்டைக் கழுவிவிட்டு அன்றே பால் காய்ச்சவேண்டும் என்று அம்மாவுக்கு. முந்தின நாளே கெபிக்குப் போய் நெடுநேரம் முட்டி போட்டிருந்தாள். "ஏத்துறதைப் பாத்தா எனக்குத் தாங்காது. நீங்க பாத்து ஏத்திவிட்டுட்டு வாங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அன்று நல்ல மழை. அப்பா வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. முட்டிவரை சேறு. வலது கையில் கைக்குட்டை சுற்றியிருந்தார்.

"ஏத்தியாச்சா?" என்றாள் அம்மா.

"ஏத்தியாச்சு."

"அடி கிடி படாமப் போயிருச்சா?"

"போயிருச்சு." அவ்வளவுதான் சொன்னார். குளிக்கப் போய்விட்டார்.

பூன் லே வாழ்க்கை தொடங்கியது. அம்மா ஜூரோங்கில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டு வரவேற்பறையில் ஒரு மாதா படம் வைத்துப் பக்கத்தில் மெழுகுவத்தி ஏற்றினாள். படத்துக்கு முன்னால் நின்றாலும் கண்ணை மூடிக்கொள்வாள். மனதுக்குள் செம்பவாங் மாதாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

ஊருக்குப் போன அத்தையிடமிருந்து இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். ஒவ்வொன்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: மாதா எப்படி இருக்கிறாள்? அம்மாவுக்கு எழுத வராது. நான்தான் எழுதுவேன். "மலேசியாவுல நல்லா இருக்கான்னு எழுது. கோயில் கட்டி வச்சிருக்காங்கன்னு எழுது" என்பாள். எழுதினேன். எனக்கு அழகான கையெழுத்து. மாதாவுக்குத் தினமும் பூ போடுகிறார்கள் என்று நானாகவே ஒரு வரி சேர்த்துக்கூட எழுதியிருக்கிறேன்.

அப்பா சில மாதம் வேலையில்லாமல் இருந்துவிட்டு, நகரத்தின் பூங்காக்களையும் பொது இடங்களையும் சுத்தம் செய்கிற ஒரு கான்ட்ராக்டரிடம் தினக்கூலியாகச் சேர்ந்தார். பெஞ்சு, கைப்பிடிக் கம்பி, நீரூற்று, சிலைகள். உயரத்தில் ஏறப் பயப்படாத ஆள் என்பதால் சிலைகள் அவர் பங்குக்கு வந்தன. கப்பல் பக்கவாட்டில் தொங்கி வேலை பார்த்தவருக்கு அந்த ஏணி ஒன்றுமே இல்லை.

பள்ளி முடித்து நான் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். ஆற்றில் அப்போது தொங்காங் படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நாற்றம் ஜன்னலைத் தாண்டி உள்ளே வரும். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே நடந்தபோது, இந்த ஊரை உருவாக்கியதாகச் சொல்கிற வெள்ளைக்காரத் துரை கைகட்டி நிற்கிற வெள்ளைச் சிலையின் தோளை அப்பா பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மைனா எச்சம். ஏணிக்குக் கீழே வாளியில் சோப்புத் தண்ணீர்.

கேமராவோடு ஒரு வெளிநாட்டுத் தம்பதி காத்திருந்தார்கள். ஐந்து நிமிஷம் இறங்க முடியுமா என்று அந்த மனிதர் மரியாதையாகத்தான் கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே இறங்கி, ஏணியையும் படத்தில் விழாத தூரத்துக்குத் தள்ளி வைத்தார். எனக்குத்தான் முகம் சுருங்கியது. அருகில் போனேன்.

"என்ன பாப்பா, சாப்டியா?"

"உங்களை ஏம்பா இறங்கச் சொல்றாங்க? வேலைதானே பாக்குறீங்க?"

"இவரு வேலையே இப்ப போட்டோவுக்கு நிக்கிறதுதான் லா" என்றார் சிலையைக் காட்டி. பிறகு, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பட்டறையில் வயதானவர்கள் சொல்லிக் கேட்டதைச் சொன்னார். இந்த வெள்ளைச் சிலை புதுசு. மூலச்சிலை கறுப்பு, இன்னொரு இடத்தில் நிற்கிறது. வெள்ளைக்காரன் ஆண்டபோது அதற்கு முன்னால் பட்டாளம் நின்று மரியாதை செய்யும். ஜப்பான்காரன் வந்ததும் அதைப் பெயர்த்துக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டான். அவன் தோற்றுப் போனதும் திரும்ப வெளியே வந்தது. நாடு சுதந்திரம் வாங்கியபோது இதைத் தூக்கிவிடுவார்கள் என்று எல்லாரும் நினைத்தார்களாம். தூக்கவில்லை. அச்சு எடுத்து வெள்ளையில் இன்னொன்று செய்து, சுற்றுலாக்காரர்கள் வருகிற இடமாகப் பார்த்து நிறுத்தினார்கள். ஆற்று முகத்துவாரத்தில் தண்ணீர் துப்பிக்கொண்டு நிற்கிற, சிங்கத்தலையும் மீனுடம்புமான சிலை என்னைவிட வயதில் சின்னது. அதைத்தான் உலகத்துக்கெல்லாம் இந்த ஊரின் அடையாளமாகக் காட்டுகிறார்கள்.

"யாருக்கு வேணுமோ அவுங்க காப்பாத்திக்கிறாங்க. ஆளும் பேரும் இருந்தாப் போதும், கல்லு நிக்கும்" என்றார். குரல் ஒருமாதிரி இருந்தது. தண்ணீர் தாகமோ என்று நினைத்தேன். கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு ஆபீஸுக்குத் திரும்பினேன்.

ஒவ்வொரு செப்டம்பரிலும் அம்மா ஜோகூர் போகலாம் என்பாள். ஒவ்வொரு செப்டம்பரிலும் அப்பாவுக்கு ஏதோ ஒரு காரணம் இருந்தது. ஓவர்டைம், ஜோகூருக்குக் கடல் தாண்டிப் போகிற காஸ்வேயில் கூட்டம், தோட்டத்து ரோடு மழையில் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு கோயிலுக்கு வருவார், ஆனால் உள்ளே வரமாட்டார். வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பார். அம்மா இதற்காகச் சண்டை போட்டு ஓய்ந்துபோனாள்.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது எனக்கு இருபத்து நாலு வயது. ஆபரேஷன் செய்தார்கள். முழுதும் எடுக்க முடியவில்லை என்று டாக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். நான் அப்பாவிடம் தமிழில் சொன்னேன். அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை, ஆனால் வீட்டுக்கு வந்த மறுவாரம் அவளே சொன்னாள்.

"இந்தத் திருநாள் வரைக்கும் நான் காத்திருக்க முடியாது. எனக்கு அவளைப் பாக்கணும். உன்னை அவ காலடியிலதான் போட்டேன். போறதுக்கு முன்னாடி ஒரு தடவை நன்றி சொல்லிட்டு வந்துர்றேன்."

அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டாக்சி பேசி ஏற்பாடு செய்தேன். எந்தத் தோட்டம் என்று அப்பாவிடம் கேட்டபோது வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினார். பிறகு பெயரைச் சொன்னார்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். அம்மா மெலிந்துபோயிருந்ததால் சேலை நிற்காமல் ஊக்குப் போட்டுக் கட்டிவிட்டேன். கூலாய் தாண்டிச் செம்மண் ரோட்டில் ரப்பர் மரங்களுக்கு நடுவே போனோம். தகரக் கூரை போட்ட கோயில். கதவு திறந்துதான் இருந்தது. பீடத்துக்கு இடப்பக்கம் மாதா நின்றாள். வெள்ளை உடை, நீல இடைக்கச்சை, கூப்பிய கைகள். கையில் குழந்தை இல்லை.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அம்மா நடந்து போனாள். போய், அந்தச் சுரூபத்தின் காலைத் தொட்டுத் தடவினாள். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். வழுவழுப்பான, கடையில் வாங்கிய முகம். திரும்பினாள்.

"இது நம்ம மாதா இல்லைங்க."

அப்பா கடைசி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"என்னாங்க, இது அவ இல்ல. வேற எங்கயாச்சும் வச்சிருக்காங்களா?"

"உடைஞ்சிருச்சு" என்றார் அப்பா.

"எப்ப?"

"அன்னைக்கே. ஏத்தையிலயே."

அங்கேயே, அந்தப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டே சொன்னார். தோட்டத்துக்காரர்கள் லோரியோடு வந்தார்கள். கடப்பாரை போட்டு நெம்பியபோது பீடத்திலிருந்து பெயரவில்லை. இன்னும் இரண்டு பேர் சேர்ந்து நெம்பியதும் மாதா இடுப்புக்கு மேலே தனியாக வந்துவிட்டாள். குழந்தையின் தலை உருண்டு மரத்தடிக்குப் போனது. வந்தவர்கள் பயந்துபோனார்கள். உடைந்த சுரூபத்தைப் புதுக் கோயிலுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று மழையோடு மழையாகத் திரும்பிப் போய்விட்டார்கள். திங்கட்கிழமை புல்டோசர் வருகிறது. இடித்த வீடுகளின் குப்பையோடு அவளையும் அள்ளிக்கொண்டு போவார்களே என்று அப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது. ஆசீர்வதித்த சுரூபம் உடைந்தால் யாரும் மிதிக்காதபடி மண்ணுக்குள் புதைப்பதுதான் மரியாதை என்று ஃபாதர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. முழுதாகப் புதைக்க அத்தனை பெரிய குழி தோண்ட முடியவில்லை. மரத்து வேர். அதனால் சுத்தியல் எடுத்தார்.

"என் சட்டையைக் கழட்டி முகத்துல போட்டுட்டுத்தான் அடிச்சேன்" என்றார். அழுகிற ஆளே இல்லை. அழுதார். "வருசா வருசம் நான் எழுதுன கண்ணு. பாத்துக்கிட்டே எப்பிடி அடிக்கிறது?"

அம்மா மெதுவாக வெளியே நடந்தாள். வரும்போது பின்சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள், திரும்பும்போது முன்கதவைத் திறந்து டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். காஸ்வே தாண்டி, வீடு வந்து சேரும்வரை அவள் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவள் அப்பாவோடு பேசவில்லை. நான் ஊட்டினால் சாப்பிடுவாள். அவர் தண்ணீர் கொண்டுவந்தால் மேஜைமேல் வைத்துவிட்டுப் போகும்வரை கண்ணை மூடியிருப்பாள். அப்பா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவள் அறை வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் நடுவே நான் போய் வந்துகொண்டிருந்தேன். இரண்டு பேர்மேலும் எனக்குக் கோபம்.

ஒருநாள் காலை அம்மா என்னிடம், "எந்த இடத்துல புதைச்சாருன்னு கேளு" என்றாள். வாசலில் இருந்த அப்பாவுக்கு அது கேட்டது. "கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

மறுநாள் நான் சிராங்கூன் ரோட்டுக்குப் போய் ஒரு மல்லிகை மாலை வாங்கி வந்தேன். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் உட்கார்ந்தாள். செம்பவாங்கில் எங்கள் பக்கம் எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. குவார்ட்டர்ஸ் இருந்த மேட்டைச் சரித்துச் சமமாக்கியிருந்தார்கள். தூங்குமூஞ்சி மரம் இல்லை. அகலமான புது ரோடு, அதற்கப்பால் ஏதோ கட்டுவதற்காகத் தகரவேலி. அப்பா ரோட்டோரப் புல்லில் நடந்தார். நின்றார், திரும்பி எண்ணிக்கொண்டு நடந்தார். வேலிக்குள் எட்டிப் பார்த்தார். வெயில். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கடைசியில் ஓரிடத்தில் குந்திக்கொண்டு, "இங்கதான் இருக்கும்" என்றார்.

மூன்று வாரத்துக்குப் பிறகு அம்மா நேராக அவரிடம் பேசியது அப்போதுதான்.

"இருக்கும்னு சொல்லாதீங்க. தெரிஞ்சாச் சொல்லுங்க."

அப்பா புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியலம்மா" என்றார்.

அம்மா மாலையைத் தூக்கிப் பார்த்தாள். "இப்ப இதை நான் எங்க போடுறது?" என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. புல்லின்மேல் வைத்துவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ரோட்டோரத்தில், லோரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகிற இடத்தில், எதன்மேல் என்றே தெரியாமல் மாலையை வைக்கச் சொல்ல மனசு வரவில்லை. மடியில் வைத்தே திருப்பிக் கொண்டுவந்தோம்.

அன்று சாயங்காலம் அவளுக்கு வலி அதிகமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவள் திரும்பி வீட்டுக்கு வரவில்லை. பத்து நாள் இருந்தாள். ஏழாவது நாளோ எட்டாவது நாளோ மதியம், நான் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அம்மா கண்ணைத் திறந்தாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"எதுக்கும்மா?" என்றார் அப்பா.

"உடைச்சுப் புதைக்க."

"காலையில ஆரம்பிச்சது. முடிக்கையில மூணு, நாலு மணி ஆயிருக்கும்."

"ஒத்தையிலயா?"

"ஒத்தையிலதான்."

"மழையிலயா?"

அப்பா தலையை ஆட்டினார். அம்மா மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தாள்.

"என்கிட்ட சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்ல" என்றாள். "ரெண்டு பேருமாச் சேந்து பண்ணிருக்கலாம். இத்தனை வருசம் அங்க ஒருத்தி இருக்கான்னு நான் பேசிக்கிட்டே இருந்தேன். நீங்க ஒருத்தராத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு… ஏன் என்னை இப்பிடித் தனியா விட்டீங்க?"

அப்பா அவள் கையைப் பிடித்தார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பதிலுக்குப் பிடிக்கவும் இல்லை. மன்னித்தாளா என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். ஒருமுறை அப்பாவிடமே கேட்டேன். "அவ மன்னிச்சிருந்தாலும் எனக்குக் கேக்கல பாப்பா" என்றார்.

அம்மாவைச் சுவா சூ காங்கில் அடக்கம் செய்தோம். நாற்பது நாள் கழித்துக் கல்லறைக் கல் சொல்லப் போனோம். கடைக்காரர் தமிழர், முஸ்லிம். ஒரு பெரிய ஆல்பத்தை எங்கள் முன்னால் விரித்தார். இறக்கை விரித்த சம்மனசுகள், சிலுவையைக் கட்டிப்பிடித்து அழுகிற பெண்கள், கையில் பூவோடு குழந்தைகள். பளிங்கில், சிமென்டில், விதவிதமான உயரத்தில்.

"அம்மாவுக்கு மாதா வைக்கலாமே. கிறிஸ்தவங்க நெறைய பேர் வைக்கிறாங்க" என்று ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். குழந்தையை ஏந்திய மாதா. நான் அப்பாவைப் பார்த்தேன். எனக்கு அதை வைத்துவிடலாம் என்றுதான் இருந்தது.

அப்பா ஆல்பத்தை மூடி அவர் பக்கம் மெதுவாகத் தள்ளினார்.

"சிலை வேணாம் பாய். நாளைக்குக் கல்லறை இருக்கிற இடத்தையும் எடுப்பாங்க. அப்ப அதை யாரு உடைக்கிறது?"

கல் மட்டும் போதும் என்றோம். தரையோடு படுத்திருக்கிற சாம்பல் நிறக் கல். அதில் அம்மாவின் பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம். கீழே இன்னொரு பெயருக்கு இடம் விடட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார்.

"அவ பக்கத்துல எனக்கு இடம் குடுப்பாளான்னு தெரியல" என்றார்.

நான் கடைக்காரரிடம் திரும்பி, "இடம் விடுங்க" என்றேன்.